ஹாலுக்குள் ஒரு கடல்... பைப் சரியா இருந்தாத்தான் நீமோவுக்கு நிம்மதி!

வீட்டுக்கு மீன் தொட்டி வாங்கலாம் என்று பேச்செடுத்தாலே போதும், குழந்தைகள் கேட்பது ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட 'நீமோ'வைத்தான். 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்ததிலிருந்து இதே கதை. ஆனால், நீமோ கடல் மீன். தமிழில் கோமாளி மீன் என்கிறோம். குழாய்த் தண்ணீரிலோ போர்வெல் தண்ணீரிலோ அது பிழைக்காது. அப்படியென்றால், கடல் காற்றுகூட எட்டாத கம்மாபுரம் போன்ற ஊரில் அதை வளர்க்கவே முடியாதா?

முடியும். சொல்லப்போனால், கம்மாபுரத்துக்கும் கடலுக்கும் ஓர் உறவு இருக்கிறது. பக்கத்து விருத்தாசலத்தில் ஓடும் மணிமுக்தா ஆறு, வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அந்தப் பரங்கிப்பேட்டையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு பொரிக்கச் செய்த இடங்களில் அதுவும் ஒன்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இதே வேலையைச் செய்திருக்கிறது. தொட்டியில் பிறந்த மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. தீவனமும் சுலபமாக எடுக்கும். பவளப் பாறையில் சயனைடு தெளித்து மீன் பிடிக்கும் கொடுமை பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவில் நடந்திருக்கிறது. அதனால் கடையில் முதல் கேள்வியே, "இது ஹேட்சரியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்பதாக இருக்கட்டும்.

ஆனால், மீன் வாங்குவது கடைசி வேலை. முதல் வேலை, பிளம்பிங்!

கரன்ட் போனால் என்ன ஆகும்?

கடல் மீன் தொட்டிகளில் பெரும்பாலும் இரண்டு அடுக்கு. மேலே மீன் நீந்தும் கண்ணாடித் தொட்டி. கீழே, ஸ்டாண்டுக்குள் 'சம்ப்' எனப்படும் இன்னொரு தொட்டி. மேல் தொட்டியில் ததும்பும் தண்ணீர் ஓவர்ஃப்ளோ பைப் வழியாகச் சம்புக்கு இறங்கும். அங்கே வடிகட்டி, அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் எல்லாம் இருக்கும். சுத்தமான தண்ணீரை மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். மொட்டைமாடி டேங்க்கும் கீழே இருக்கும் சம்ப்பும் போலத்தான். ஒரே வித்தியாசம், இங்கே தண்ணீர் 24 மணி நேரமும் சுற்ற வேண்டும்.

வீட்டிலேயே செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். மோட்டார் நின்றதும், மேலே ஏற்றும் பைப் அப்படியே சைஃபனாக மாறி, மேல் தொட்டித் தண்ணீரைக் கீழே உறிஞ்ச ஆரம்பித்துவிடும். கணக்கைப் பாருங்கள். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 190 லிட்டர் பிடிக்கும். அதில் ஓர் இஞ்ச் உயரத் தண்ணீர் என்பது பத்தரை லிட்டர். பைப்பின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு 4 இஞ்ச் கீழே இருந்தால், 42 லிட்டர் கீழே வரும். சம்ப்பில் அவ்வளவு காலியிடம் இல்லையென்றால் மிச்சம் ஹால் தரையில். அதுவும் உப்புத் தண்ணீர். மின்சாரம் பிறக்கும் நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது என்பதெல்லாம் இங்கே ஆறுதல் ஆகாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் காலையில் கரன்ட் போவது எல்லா ஊருக்கும் பொது.

இதற்கு உங்கள் பிளம்பர் சொல்லப்போகும் தீர்வு, நான்-ரிட்டர்ன் வால்வு. வீட்டுக் குழாய்க்கு அது சரி. கடல் தொட்டியில் பாசியும் உப்பும் படிந்து, ஒருநாள் முழுதாக மூடாமல் போகும். அதை மட்டும் நம்பக் கூடாது. பைப்பின் வாயை மட்டத்துக்கு ஓர் இஞ்ச் கீழேயே வையுங்கள். மட்டத்தை ஒட்டி பைப்பில் ஒரு சின்ன ஓட்டை போட்டால், தண்ணீர் கொஞ்சம் இறங்கியதுமே காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்த ஓட்டையும் அடைத்துக்கொள்ளும் என்பதால் வாரம் ஒருமுறை குத்திவிட வேண்டும். ஓட்டை அடைத்தாலும் தாங்கும் அளவுக்குச் சம்ப்பில் இடம் விடுவதுதான் முழுப் பாதுகாப்பு.

மற்றவை ஹார்டுவேர் கடையில் கிடைப்பவைதான். பிவிசி பைப், எல்போ, யூனியன், பால் வால்வு, டேங்க் நிப்பிள். ஏறும் பைப் முக்கால் இஞ்ச் என்றால், இறங்கும் பைப் ஒன்றே கால் அல்லது ஒன்றரை இஞ்ச் இருக்கட்டும். இறங்குவதற்கு இரண்டு பைப் போட்டால் இன்னும் நல்லது. ஒன்றில் நத்தை புகுந்து அடைத்தாலும் மற்றொன்று காப்பாற்றும். மோட்டாருக்கு அருகே யூனியன் வைக்காவிட்டால், கழற்றிக் கழுவ ஒவ்வொரு முறையும் பைப்பை அறுக்க வேண்டியிருக்கும். பித்தளை நிப்பிள் கூடவே கூடாது. பித்தளையில் உள்ள செம்பு தண்ணீரில் கரைந்தால் இறால், நத்தை போன்ற உயிர்களுக்கு விஷம்.

கண்ணாடியில் ஓட்டை போட, கண்ணாடிக் கடையில் டைமண்ட் பிட் வைத்திருப்பார்கள். டஃபன்டு கண்ணாடியில் மட்டும் முயற்சி வேண்டாம், நொறுங்கிவிடும். எல்லாம் ஒட்டி முடித்து ஒருநாள் காய்ந்ததும், உப்பில்லாத சாதாரணத் தண்ணீரை நிரப்பி ஓடவிடுங்கள். பிறகு வேண்டுமென்றே ஸ்விட்சை அணையுங்கள். சம்ப்பில் தண்ணீர் எந்த உயரத்தில் போய் நிற்கிறது, ஜாயின்ட்டில் கசிகிறதா என்று பாருங்கள். ஒருமுறை போதாது, ஐந்தாறு முறை. இந்தச் சோதனையைச் செய்யாமல் உப்பைக் கொட்டவே கொட்டாதீர்கள்.

இன்னொன்று, ஒயர்கள். பிளக்குக்குப் போகும் ஒயர் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறிச் செல்ல வேண்டும். அப்போதுதான் ஒயரில் வழியும் தண்ணீர் கீழேயே சொட்டும். வீட்டில் ஆர்சிசிபி இல்லையென்றால், தொட்டிக்கு முன் அதைப் போடுங்கள்.

சமையல் உப்பு கடல் ஆகாது

கல் உப்பைக் கரைத்தால் கடல் நீர் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. கடல் நீரில் மெக்னீசியம், கால்சியம் உள்பட பல தாதுக்கள் குறிப்பிட்ட விகிதத்தில் உள்ளன. அதற்கென விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். ஒரு லிட்டருக்கு 35 முதல் 40 கிராம். மொத்தம் 200 லிட்டர் என்றால் 7 முதல் 8 கிலோ. கரைக்க ஆர்.ஓ தண்ணீர். ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 காட்ட வேண்டும். பரங்கிப்பேட்டையிலிருந்து கேனில் பிடித்து வரலாமே என்றால், முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். உப்பளத்தில் நடப்பதேதான். எனவே குறைந்த அளவை ஈடுகட்ட ஊற்றுவது உப்பில்லாத ஆர்.ஓ தண்ணீராக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் சில வாரங்களில் மீன் திணறும். கோமாளி மீனுக்கு 25 முதல் 27 டிகிரி வெப்பம் வசதி. நம் ஊர் மே மாதத்துக்கு, தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அதற்கு மேல் சில்லர்தான், பட்ஜெட் எகிறும். ஏப்ரலில் ஆரம்பிக்காமல் மழைக்காலத்துக்குப் பிறகு ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

பவளம் வேண்டாம்... பீங்கான் போதும்

வெளிநாட்டு வீடியோக்களில் தொட்டி முழுக்கப் பவளம் ஜொலிக்கும். இந்தியாவில் அது குற்றம். பாறை கட்டும் பவளங்கள் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடற்குதிரைக்கும் கடல் அட்டைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. காய்ந்து வெளுத்த பவளத் துண்டானாலும், கடலிலிருந்து பெயர்த்த 'லைவ் ராக்' ஆனாலும் கை வைக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த இழப்பு போதும்.

அதற்கு பதில்தான் விருத்தாசலத்துக்காரர்கள் கையிலேயே இருக்கிறது. அகல் விளக்கும் பொம்மையும் ஃப்யூஸ் கேரியரும் சூளையில் வேகும் ஊர் அது. தொட்டிக்குள் பாறை எதற்கு என்றால், அழகுக்கு மட்டுமல்ல. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருக்க நுண்துளைகள் வேண்டும். கடைகளில் விற்கும் செராமிக் ரிங் இதே தத்துவம்தான். கிளேஸ் பூசாமல் சுட்ட ஓட்டுத் துண்டுகளிலும் அந்தத் துளைகள் உண்டு. கிளேஸ், பெயின்ட் பூசியவை வேண்டாம், உலோகங்கள் கரையலாம். கோமாளி மீன் வளர்ப்பவர்கள் முட்டையிடுவதற்கென்றே மண் தொட்டியையும் ஓட்டையும் வைப்பது வழக்கம். கடல் சாமந்தி இல்லாவிட்டாலும் அந்த ஓட்டையே ஜோடி தன் வீடாக்கிக்கொள்ளும். இன்னொரு வேடிக்கை, கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண்தான். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும்!

அந்தப் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு, தொட்டியை வெறுமனே ஓடவிட வேண்டும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் மீன். "அப்பா, எப்பப்பா நீமோ வரும்?" என்று வீட்டில் தினமும் கேட்கும். பிறந்தநாள் பரிசாகத் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கினால், அடுத்த வாரமே குழந்தைக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர் தண்ணீரை மாற்றினால் போதும். அந்தப் பழைய தண்ணீரில் 700 கிராம் உப்பு இருக்கிறது. வாழைக்கோ வாசல் செடிக்கோ ஊற்றிவிடாதீர்கள், வயல் வாய்க்காலிலும் வேண்டாம். டாய்லெட்டில் ஊற்றி ஃப்ளஷ் செய்துவிடுங்கள்.