சும்மா கிடைக்கும் மென்பொருளை நம்பலாமா?

நெடுந்தீவில் கடை நடத்தும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணம் எல்லாவற்றையும் பதிய உடனே மென்பொருள் தேவைப்பட்டது. நம் நாட்டு நிரலாளர்கள் தொண்டாகக் கூடி, சில வாரங்களில் 'சஹானா'வின் முதற்பதிப்பை எழுதினார்கள். கணினி மாநாடுகளில் சொற்பொழிவுகள் முடிந்தபின் சில நாள் தங்கி இப்படி எழுதுவதை 'ஸ்பிரின்ட்' என்பார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்தே சேர்ப்பார். கரைவலை இழுப்பது போலத்தான்; ஆனால் இங்கே பங்கு பிரிப்பதில்லை, முழுப் பாடும் எல்லோருக்கும். 2005 அக்டோபர் பூகம்பத்தின்போது பாகிஸ்தானும் சஹானாவை உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தியது.

நிறுவவும் திருத்தவும் ஆள் வேண்டும். அவருக்குக் கூலி உண்டு. கடைக்கணக்கு மென்பொருளுக்கும் அதே கதைதான். குறிகட்டுவானில் படகேறி வந்து திருத்தித்தர ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.