நிகாஹ் சிடியில் உள்ள குரலைத் தனியாக எடுப்பது எப்படி?



ஸ்ரீமுஷ்ணம், லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை என்று நம் பகுதியில் 2000-க்குப் பிறகான பத்துப் பன்னிரண்டு வருடங்களில் கல்யாணம் நடந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு நிகாஹ் சிடி இருக்கும். பீரோவில் பழைய பாஸ்போர்ட், பத்திரம் இவற்றோடு சேர்ந்து கிடக்கும். அதைப் போட்டுப் பார்க்கும் பிளேயர் எப்போதோ பழுதாகி எடைக்குப் போயிருக்கும். அந்தப் படத்தில் இருப்பவர்களில் பலரும் இன்று நம்மோடு இல்லை. குத்பா ஓதிய ஹஜ்ரத், வலியாக உட்கார்ந்து பெண்ணைக் கொடுத்த நன்னா, துஆவுக்கு உரக்க ஆமீன் சொன்ன மாமா. இவர்களுடைய குரல் சில குடும்பங்களில் அந்த ஒரு தட்டில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

படம் வேண்டாம், குரல் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்பவர்கள் நம்மில் நிறையப் பேர். வீட்டுப் பெண்களின் படம் போன் போனாகச் சுற்றுவதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். சவூதியிலும் துபாயிலும் இருக்கும் சபுராளிகளுக்கு ஆடியோ அனுப்புவது எளிது. கண்பார்வை குறைந்த பெரியவர்களுக்குப் படத்தால் பயனும் இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், இது நாம் நினைப்பதைவிட எளிய வேலை. முறையாகச் செய்தால் குரலின் தரம் கொஞ்சமும் குறையாது. ஆனால் பலரும் செய்யும் முறையில் குறைந்துவிடுகிறது. வித்தியாசம் எங்கே வருகிறது என்று பார்ப்போம்.

வீடியோ ஃபைல் என்பதை டிபன் கேரியர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுக்கில் படம், இன்னொரு அடுக்கில் ஒலி. ஓடும்போது இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்றாகத் தெரிகிறது, உள்ளே தனித்தனியாகத்தான் இருக்கின்றன. எம்பி4 என்பது கேரியரின் பெயர். அதற்குள் இருக்கும் ஒலிக்கு வேறு பெயர் உண்டு. இன்றைய போன்களில் எடுக்கும் எம்பி4 வீடியோவில் பெரும்பாலும் ஏஏசி என்ற வகை ஒலி இருக்கும். ஃபைலின் கடைசி எழுத்துகளை எம்பி4 என்பதிலிருந்து எம்பி3 என்று மாற்றிவிட்டு ஆடியோ ஆகிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அது கேரியர் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டை மாற்றுவதுதான். ஃபைலின் அளவைப் பாருங்கள், முன்பு இருந்ததே இருக்கும்.

ஒலியை எடுக்க இரண்டு வழி. ஒன்று, அந்த அடுக்கை அப்படியே வெளியே எடுத்து வைப்பது. இன்னொன்று, ஒலியை அவிழ்த்து மறுபடி வேறு வகையில் சுருக்கிச் சேமிப்பது. கன்வர்ட் என்று போட்டிருக்கும் பெரும்பாலான ஆப்கள் இரண்டாவதைத்தான் செய்கின்றன. எம்பி3, ஏஏசி போன்றவை காதுக்கு எளிதில் தெரியாத பகுதிகளைக் கழித்துவிட்டுச் சுருக்கும் முறைகள். ஏற்கெனவே கழித்துச் சுருக்கியதை மறுபடி கழித்தால் ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்த கதைதான். நல்ல மைக்கில் பேசிய பயான் என்றால் ஒரு தடவை மாற்றுவதில் பெரிய நஷ்டம் தெரியாது. கல்யாண மண்டபத்துச் சத்தத்துக்கு நடுவே தூரத்தில் கேட்கும் மர்ஹூம் நன்னாவின் குரல் என்றால் அந்தக் கொஞ்சமும் முக்கியம்.

இனி சிடி விஷயம். அந்தக் காலத்து நிகாஹ் சிடிகளில் பெரும்பாலானவை விசிடி. கம்ப்யூட்டரில் திறந்தால் எம்பெக்ஏவி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் டேட் என்று முடியும் பெரிய ஃபைல். அதுதான் படம். அதில் உள்ள ஒலி எம்பி2 வகை, நொடிக்கு 224 கிலோபிட் அளவு. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 100 எம்பி ஆகும். பேச்சுக்கு இது தாராளமான தரம். விசிடியில் படம் மங்கலாக இருக்கிறதே, ஒலியும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படத்தைவிட ஒலி எவ்வளவோ நன்றாக இருக்கும். டிவிடியாக இருந்தால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரில் விஓபி என்று முடியும் ஃபைல்கள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி அளவில் துண்டு துண்டாக இருக்கும். நிகாஹ் குத்பா ஒரு துண்டில் தொடங்கி அடுத்ததில் முடியலாம், ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு விடுபட்டது என்று நினைக்க வேண்டாம்.

முதல் வேலை, தட்டில் இருப்பதை அப்படியே கம்ப்யூட்டருக்கு நகலெடுப்பது. தட்டை நேராக ஓடவிட்டு ஆடியோ எடுக்கப் பார்க்காதீர்கள். வீட்டில் எழுதிய சிடிகளில் தகவல் ஒரு சாயப் பூச்சில்தான் பதிந்திருக்கிறது. வெயிலும் புழுக்கமும் அதைக் கெடுக்கும். இன்று ஓடும் தட்டு அடுத்த வருடம் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். புதிய லேப்டாப்களில் சிடி போடும் இடமே இருப்பதில்லை. யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்று வேண்டும். தெருவுக்கு ஒன்று இருந்தாலே போதும், ஜமாஅத் இளைஞர்கள் ஒன்று வாங்கி வைத்தால் மஹல்லா முழுக்க உதவும். ஒரு டிரைவில் படிக்காத தட்டு இன்னொரு டிரைவில் படித்துவிடுவதும் உண்டு, ஆகவே ஒரு முறை முயன்றுவிட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நகலெடுத்த பிறகு ஒலியைப் பிரிக்க இலவச மென்பொருள்களே போதும். லாஸ்லெஸ்கட் என்பதில் ஃபைலைத் திறந்து, எல்லா ட்ராக்குகளையும் பிரித்தெடுக்கும் கட்டளையைக் கொடுத்தால் படம் தனி, ஒலி தனி ஃபைலாக வந்துவிடும். மறுபடி சுருக்கும் வேலை இல்லாததால் ஒரு மணி நேர வீடியோவுக்குக்கூட அதிக நேரம் பிடிக்காது. பலரிடம் ஏற்கெனவே இருக்கும் விஎல்சியிலும் முடியும். மீடியா மெனுவில் கன்வர்ட் ஆர் சேவ் என்பதற்குப் போய் ஃபைலைச் சேர்த்து, ஆடியோ எம்பி3 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் எம்பி3 கிடைக்கும். ஆனால் இது இரண்டாவது வழி, மறுபடி சுருக்குவது. அந்த வகைக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பேனர் படத்தை அழுத்தி, ஆடியோ கோடெக் பகுதியில் மூல ஒலியை அப்படியே வைத்திரு என்ற கட்டத்தை டிக் செய்தால் முதல் வழிக்கு மாறிவிடும், ஆனால் எந்தக் கேரியரில் வைப்பது என்பதையும் அதற்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் புதிதாகச் செய்பவர்களுக்கு லாஸ்லெஸ்கட்டே சுலபம். கட்டளை டைப் செய்யத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் எஃப்எஃப்எம்பெக் என்று சொல்லுங்கள், ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இப்படி அப்படியே எடுத்த ஃபைல் எம்பி2 ஆகவோ, டிவிடி என்றால் ஏசி3 ஆகவோ வரும். சில போன்களில் ஓடாது. அதற்காகக் கவலை வேண்டாம். அதை மூலமாகப் பத்திரப்படுத்திவிட்டு, அதிலிருந்து ஒரு எம்பி3 நகல் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புங்கள்.

ஒரு ஏமாற்றத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். அந்தக் காலத்து வீடியோ எடிட்டிங்கில் மாப்பிள்ளை ஊர்வலம், விருந்து, போட்டோ எடுக்கும் காட்சி எல்லாவற்றுக்கும் மேல் பாட்டையோ இசையையோ ஓடவிட்டிருப்பார்கள். பல இடங்களில் மண்டபத்தின் அசல் சத்தமே நீக்கப்பட்டிருக்கும். அந்த இடங்களில் எந்த மென்பொருளாலும் குரலைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இல்லாததை எடுக்க முடியாதல்லவா. இசையும் பேச்சும் கலந்திருக்கும் இடங்களில் மட்டும் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். 2019-ல் டீசர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்கின்றன, ஓரளவுக்கு. குத்பா, ஈஜாப் கபூல், துஆ ஆகிய பகுதிகளில் பெரும்பாலும் அசல் ஒலியையே விட்டிருப்பார்கள் என்பது ஆறுதல். மற்ற பகுதிகளும் வேண்டுமென்றால் வீடியோ எடுத்தவரிடம் எடிட் செய்யாத டேப் இருக்கிறதா என்று விசாரித்துப் பார்க்கலாம். அதற்கும் தாமதிக்கக் கூடாது.

இதை எல்லாம் ஏன் சொந்தக் கம்ப்யூட்டரில் செய்யச் சொல்கிறேன் என்றால், கூகுளில் தேடியதும் முதலில் வருவது ஃபைலைத் தங்கள் தளத்தில் ஏற்றச் சொல்லும் இலவச இணையதளங்கள். ஏற்றினால் வீட்டுப் பெண்கள் இருக்கும் முழு வீடியோவும் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டருக்குப் போகிறது. அழித்துவிடுவோம் என்று எழுதியிருப்பதைச் சரிபார்க்க நமக்கு வழி இல்லை. குரலை மட்டும் எடுக்க நினைத்ததே பர்தாவைப் பேணத்தான் என்றால், இது நேர் எதிரான காரியம்.

பயான் வீடியோக்களுக்கும் இதே முறைதான். போனில் நல்ல தரத்தில் எடுத்த 45 நிமிட பயான் 5 ஜிபியைத் தாண்டிவிடும். அதன் ஒலி மட்டும் சுமார் 43 எம்பி. பேச்சு மட்டும்தானே என்று மோனோவில் நொடிக்கு 32 கிலோபிட்டாகச் சுருக்கினால் 11 எம்பிக்குள் அடங்கும், சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்க அது போதும். ஆனால் அடுத்தவர் யூடியூபில் போட்டதை ஆப் வைத்து இறக்குவது அந்தத் தளத்தின் விதிக்குப் புறம்பானது. பயான் செய்த ஆலிமிடமோ ஏற்பாடு செய்த ஜமாஅத்திடமோ கேட்டால் மூல ஃபைலையே தருவார்கள், அனுமதியும் கிடைத்துவிடும். படம் இருந்தால் பேசுபவர் யார், எந்த மேடை என்று ஓரளவு தெரியும். குரல் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தால் ஒன்றும் தெரியாது. ஒருவர் மறுத்துச் சொல்வதற்காக எடுத்துச் சொன்ன கருத்தை மட்டும் வெட்டி, அவருடைய கருத்தாகவே பரப்பிவிடலாம். செய்தியை விசாரித்துக்கொள்ளும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-வது வசனம் சொல்லும் கட்டளை, ஆடியோவை வெட்டி அனுப்புபவருக்கும் பொருந்தும். முடிந்தவரை முழுதாக அனுப்புங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஓதிக்கொண்டிருக்கும் ஆயத்தின் நடுவில் வெட்டாதீர்கள்.

கல்யாண சிடியும் பயானும் போக, பேரப்பிள்ளைகள் போனில் எடுத்த பெரியவர்களின் பேச்சும் இருக்கிறது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக்கு வரும்போது தைக்காலில் நம்மவர்கள் கொடுக்கும் வரவேற்பைப் பற்றியும், கப்பலில் சபர் போன காலத்தைப் பற்றியும் அவர்கள் சொல்வதைக் கேட்கப் படம் தேவையில்லை. பாதி வீடியோவில் படம் கூரையைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். மெமரி நிறைந்துவிட்டது என்று அவற்றை அழிப்பதற்கு முன் ஒலியையாவது எடுத்து வையுங்கள்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ஆடியோ 1, ஆடியோ 2 என்று விட்டுவிடாமல் யாருடைய குரல், என்ன நிகழ்ச்சி, எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுங்கள். ஒரு நகல் வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒரு நகல் பென் டிரைவில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணனிடமோ தங்கச்சியிடமோ இருக்கட்டும். ஒலியை எடுத்தாகிவிட்டது என்று அந்தப் பழைய தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உறையில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள்.