மெத்தூசலாவின் வயதும் படுவான்கரைக் குடிகளும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரை ஊர்களில் ஒருவரின் குடி தாய்வழியாக வரும். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று பெயர் சொன்னால், கோயிலில் அவருக்குள்ள உரிமையும் யாரை மணக்கலாகாது என்பதும் விளங்கிவிடும். கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடி உண்டு. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் குடிவாரியாக வந்தவர்கள். 1962இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' குடிகளைப் பற்றி விரிவாகவே பேசுகிறது.

வழியைக் கொண்டே உரிமையை அறிவதால், பைபிளின் ஆதியாகமம் 5ஆம், 11ஆம் அதிகாரங்களின் வம்ச வரலாற்றை வாசிக்க இந்த மண்ணின் பிள்ளைகள் மிகப் பொருத்தமானவர்கள் என்பேன். மேற்குலகில் பலர் அதை நாட்காட்டியாகவே வாசித்தார்கள். அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வயதுகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்றார். ஆனால் எந்தப் படியின் எண்களைக் கூட்டுவது? ஆதாமிலிருந்து வெள்ளப்பெருக்கு வரை எபிரேயப் படியில் 1656 ஆண்டுகள். சமாரியப் படியில் 1307. கிரேக்கப் படியிலோ 2200க்கும் மேல். எபிரேயக் கணக்கில் 969 வயது மெத்தூசலா வெள்ளம் வந்த ஆண்டிலேயே இறக்கிறார். கிரேக்கப் படிகள் சிலவற்றில் வெள்ளத்துக்குப் பின்னும் 14 ஆண்டு வாழ்கிறார், பேழையில் ஏறாமலே! திருச்சபைத் தந்தை அகுஸ்தீனாரே இதை எடுத்து விவாதித்தார். பழங்காலத்தவர் இந்த எண்களைத் திருத்தியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இயேசுவின் வம்சத்தை எழுதும் மத்தேயு இன்னும் வெளிப்படை. யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று அரசர்களை விட்டுவிட்டு, பதினான்கு பதினான்காகத் தலைமுறைகளை அடுக்குகிறார். ஆதியாகமத்திலும் ஆதாம் முதல் நோவா வரை பத்துப் பேர், சேம் முதல் ஆபிராம் வரை பத்துப் பேர். ஆண்டுக் கணக்கைவிட, யார் யாருடைய வழி, வாக்குறுதி யார் கைக்கு வந்தது என்பதே அங்கே முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

வம்ச அட்டவணையின் வேலை எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் நேரடியாகத் தெரிகிறது. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்களில் சில ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் பெயரை அட்டவணையில் தேடிக் காணவில்லை. அவற்றுள் ஒன்றின் முன்னோர் பர்சிலாயின் மகளை மணந்து, மனைவி வீட்டுப் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டவர். மட்டக்களப்பில் ஆண் மனைவி வீட்டோடு போய் இருந்தாலும் அவன் தாயின் குடி மாறாது. எஸ்றாவிலோ பெயர் காணாத அந்தக் குடும்பங்கள் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டன. தெய்வ சித்தம் அறிய உதவும் ஊரீம், தும்மீமோடு ஓர் ஆசாரியன் எழும்பும்வரை அவர்கள் மகா பரிசுத்தமானதை உண்ணக்கூடாதென்று ஆளுநர் கட்டளையிட்டார்.