படபடப்பின் கணக்கில் காபியும் உண்டு

தலைசுற்றல், கைநடுக்கம், மூச்சுத்திணறல், சீரற்ற இதயத்துடிப்பு. இந்தத் தொல்லைகளோடு வந்த 27 வயது செவிலியருக்கு மனப்பதற்ற நோய் என்றே முதலில் சொல்லப்பட்டது. அவர் அதை ஏற்கவில்லை. தேடிப் பார்த்ததில், நாள்தோறும் குடித்துவந்த பத்துப் பன்னிரண்டு கப் காபிதான் காரணம் என்று தெரிந்தது. காபியை நிறுத்தியதும் ஓரிரு நாளில் தொல்லைகள் அடங்கின. அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கிரெடன் 1974-இல் பதிவுசெய்த நிகழ்வு இது. இன்று மனநல மருத்துவக் கையேடுகளிலேயே காபியில் உள்ள காஃபினால் வரும் பதற்றத்துக்குத் தனி இடம் உண்டு. ஆனாலும் பதற்றத்தின் காரணங்களை அடுக்கும்போது காபியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. நரம்புகளின் வேகத்தைத் தணித்து, ஓய்வுக்கு அழைப்பது அதுதான். அடினோசின் போய் அமர வேண்டிய ஏற்பிகளைக் காஃபின் பிடித்துக்கொள்வதால் அந்த அழைப்பு எட்டுவதில்லை. அட்ரினலின் கூடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. பயம் வந்தாலும் உடல் இதைத்தான் செய்யும். தன் நெஞ்சுத்துடிப்பைக் கேட்டே அஞ்சுகிற ஒருவருக்கு, இந்தப் படபடப்பே அடுத்த பயத்துக்கு விதையாகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான அலசல் இதற்கு வலு சேர்க்கிறது. ஏறத்தாழ ஐந்து கப் காபிக்குச் சமமான காஃபினை ஒரே தடவையில் கொடுத்தபோது, பீதி நோய் உள்ளவர்களில் சுமார் பாதிப்பேருக்குப் பீதித் தாக்குதல் வந்தது. நலமாக இருந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட வரவில்லை.

ஐந்து கப்பை யார் ஒரே மூச்சில் குடிக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஒரு கப் காபி பீதியைக் கிளப்பும் என்று இந்த முடிவுகள் சொல்லவில்லை. ஆனால் காஃபின் உடலில் தங்கும். குடித்ததில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் அதிகம். 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கிறது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது 2024-இல் வெளியான இந்திய உணவு வழிகாட்டி. மூன்று காபியும் இரண்டு டீயும் போதும், அந்த வரம்பைத் தொட. மாலைக் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால், தூக்கமின்மையே மறுநாள் பதற்றத்தைக் கூட்டும்.

காலம் காலமாகக் குடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்பது இன்னொரு வாதம். உண்மை, பழக்கப்பட்ட உடல் காஃபினின் பதற்ற விளைவைப் பெருமளவு தாங்கிக்கொள்கிறது. ஆனால் எல்லா உடலும் ஒன்றல்ல. அடினோசின் ஏற்பிக்கான மரபணு ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலரை அது எளிதில் பதறச் செய்கிறது. காபி குடித்தால்தான் மனம் நிதானப்படுகிறது என்பவர்களும் உண்டு. அந்த நிதானத்தில் ஒரு பகுதி, முந்தைய காபியின் தாக்கம் இறங்கியதால் வந்த எரிச்சலும் தலைவலியும் தீர்வதுதான்.

ஆகவே எல்லோரும் காபியை விட வேண்டியதில்லை. அடிக்கடி படபடப்பு வருகிறவர்கள் மட்டும் இரண்டு வாரம் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். சட்டென்று நிறுத்தினால் தலைவலி வரும். இதயக் கோளாறும் தைராய்டு கோளாறும்கூட இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் மருத்துவரைப் பாருங்கள், பதற்றத்துக்கு மருந்து எடுத்துவந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை காபி, எத்தனை டீ என்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.