வேப் கருவிக்குப் பூட்டு: சாவி யாரிடம்?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, மாணவன் ஒருவனின் தந்தை என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். செம்பனைக் குலை வெட்டுபவர். வேலை முடிந்து, குளித்துவிட்டு நேராக வந்திருந்தார். அவர் மகன் ஆறாம் ஆண்டில் என்னிடம் படிக்கிறான். இரண்டு நாளுக்கு முன் அவன் புத்தகப் பையில் தடித்த பேனாவைப் போன்ற ஒரு வேப் கருவி இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் தந்தைக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. "இது என்னோடதுதான் சார்" என்றார்.

சிகரெட்டை விட வேண்டுமென்று வேப்புக்கு மாறியவராம். அலமாரியின் மேல்தான் வைப்பாராம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர் கேட்டார்: "கைப்பேசியாலேயே பூட்டுற வேப் வெளிநாட்டுல வந்திருக்காமே சார்? தங்கச்சி மகன் சொன்னான். அப்படி ஒண்ணு வாங்கிட்டா பையன் தொட முடியாதில்ல?"

படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அவர் கேள்விப்பட்டது பொய்யில்லை. வயதுப் பூட்டு என்று ஒன்று உண்டு. கருவிக்குள் சின்னஞ்சிறு ரேடியோ சில்லு ஒன்றை வைத்துவிடுகிறார்கள். கைப்பேசியில் வைத்த பாட்டு, கம்பியே இல்லாமல் பக்கத்திலிருக்கும் ஒலிபெருக்கியில் கேட்கிறதே, அதே புளூடூத் வழிதான் இதுவும். வாங்கியவர் தம் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டு, அடையாளக் கார்டைப் படம் பிடித்து, தம் முகத்தையும் காட்ட வேண்டும். இரண்டும் ஒத்திருந்து வயதும் சரியாக இருந்தால், 'திறந்துகொள்' என்று கைப்பேசி கருவிக்குச் சொல்லும். திறக்காதவரை உள்ளே இருக்கும் கம்பிச்சுருளுக்கு மின்சாரம் போகாது. திரவம் சூடாகாது. எத்தனை முறை இழுத்தாலும் வெறும் காற்றுதான் வரும். கைப்பேசியை விட்டுத் தூரம் போனால் தானே பூட்டிக்கொள்ளும்படியும் சிலவற்றை அமைத்துவிடலாம்.

அமெரிக்காவின் ஜூல் நிறுவனம் இப்படி ஒரு கருவியை 2019ஆம் ஆண்டில் கனடாவிலும் பிரிட்டனிலும் விற்பனைக்கு விட்டுப் பார்த்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குத்தான் செயலி இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வேப் சம்பந்தப்பட்ட செயலிகள் எல்லாவற்றையும் தன் கடையிலிருந்து தூக்கிவிட்டது. வயதைச் சரிபார்க்கும் புதிய கருவி ஒன்றுக்கு 2023 ஜூலையில் ஜூல் அமெரிக்க அரசிடம் அனுமதி கேட்டது. பள்ளிப் பிள்ளைகளிடையே அந்த நிறுவனத்தின் சரக்கு பரவிய பிறகு எழுந்த கூக்குரலை நினைத்தால், இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

நம் பக்கத்துக் கடைகளிலோ நான் பார்த்தவை பெரும்பாலும் பூட்டே இல்லாத மலிவுச் சரக்குகள். சில கருவிகளில் பொத்தானை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் அணைந்துவிடும், மறுபடி ஐந்து முறை அழுத்தினால் உயிர் பெறும். அதையும் பூட்டு என்று சொல்லி விற்கிறார்கள். ஐந்து வரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு அது பூட்டா? என் முதலாம் ஆண்டு மாணவர்களே திறந்துவிடுவார்கள்!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். நம் நாட்டில் 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த 852ஆம் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வேப் விற்பதைத் தடை செய்தது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் பெரியவர்களே வேப்பை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. ஆனால் என் மாணவன் எந்தக் கடைக்கும் போகவில்லையே! அவனுக்குக் கடை அவன் வீட்டு அலமாரிதான்.

மறுவாரம் அந்தத் தந்தை மீண்டும் வந்தார். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிவிட்டு, "தம்பி, உங்கள் கைப்பேசியைத் திறக்கும் இரகசிய எண் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அவன்தான் சார் போட்டுக் கொடுத்தான். எனக்கு மறந்துபோனா அவனைத்தான் கேட்பேன்."

சிக்கல் அங்கேதான் இருக்கிறது, பெற்றோர்களே. முகத்தைக் காட்டி வயதை நிரூபிப்பது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். அதற்குப் பிறகு கருவி நம்புவது கைப்பேசியை. அப்பா அசந்து தூங்குகிறார், தலைமாட்டில் கைப்பேசி மின்னேற்றத்தில் கிடக்கிறது, பக்கத்திலேயே கருவி. அதை இழுப்பது நாற்பது வயது வாயா, பன்னிரண்டு வயது வாயா என்று புளூடூத்துக்குத் தெரியாது. நம் வீடுகளில் செயலியைப் போடுவது, பில் கட்டுவது எல்லாம் பிள்ளைகள்தாம். சாவிக் கொத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, கதவில் விலையுயர்ந்த பூட்டு மாட்டுவதா?

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். அவருக்கு மூன்று வயதில் ஒரு கைக்குழந்தை உண்டு. கருவியைப் பூட்டலாம், நிக்கோடின் திரவப் புட்டியை எந்தக் கைப்பேசியும் பூட்டாது. பழ வாசனையோடு இருக்கும் அதைச் சிறு குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் வாந்தி, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதைக் கேட்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். வீட்டில் புட்டி எங்கே இருக்கிறது என்ற நினைவு வந்திருக்க வேண்டும்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். அரசாங்கக் கிளினிக்கில் புகைப்பழக்கத்தை விடுவதற்கு உதவுகிறார்களாமே, வேப்புக்கும் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். "பையனையும் கூட்டிக்கிட்டுப் போகலாமா சார்? அவன் எத்தனை நாளா இழுக்கிறான்னு எனக்குத் தெரியலை" என்றார். கூட்டிப் போங்கள், ஆனால் அடிக்காமல் கூட்டிப் போங்கள் என்றேன்.

அந்தக் கருவி இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இதுவரை அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.