தாய்வழி வந்த தளை: திருக்கோணமலையும் பழைய அமெரிக்காவும்

அடிமை முறை என்றவுடன் அமெரிக்காவின் புகையிலைத் தோட்டங்களும் பருத்தி வயல்களுமே நினைவிற்கு வருகின்றன. ஆயின், திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த மாவட்டத்திலும் மனிதர் மனிதருக்கு உடைமையாயிருந்த காலம் ஒன்று உண்டு. சட்டப்படி அது முடிவெய்தியது 1844ஆம் ஆண்டிலேயாம். இவ்விரு முறைகளும் அளவாலும் தொழிலாலும் பெரிதும் வேறுபட்டவை. எனினும், இரண்டையும் தாங்கி நின்ற தூண் ஒன்றே: பிள்ளை தாயின் நிலையையே சாரும் என்னும் விதி.

வேர்ஜீனியாவில் 1662ஆம் ஆண்டு இவ்விதி சட்டமாயிற்று. அதனால் அடிமைப் பெண்ணின் ஒவ்வொரு மகவும் உடைமையாளனின் செல்வத்தைப் பெருக்கியது. 1808ஆம் ஆண்டு முதல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு அடிமைகளைக் கொண்டுவருதல் தடுக்கப்பட்டது. அவ்வாறாகியும், 1790இல் ஏறத்தாழ 7 இலட்சமாயிருந்த அடிமைகளின் தொகை 1860இல் 40 இலட்சத்தை அணுகியது. கப்பல் நின்ற பின்னரும் தொட்டில் நிற்கவில்லை.

இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது, சோழமண்டலக் கரையில் போரும் பஞ்சமும் மிகுந்த 1694 முதல் 1696 வரையான ஆண்டுகளில் மட்டும் 3,000க்கு மேற்பட்டோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். தமிழ் மாவட்டங்களில் அடிமை நிலை சாதியோடும் பிணைந்திருந்தது. வயலிலும் வீட்டிலும் பனங்கூடலிலும் உழைத்தோரைக் கோவியர், நளவர், பள்ளர் எனச் சட்டமே பெயர் சுட்டிப் பதிவு செய்தது.

1795இல் திருக்கோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர் இம்முறையை ஒரேயடியாக ஒழித்தாரல்லர். பிரதம நீதியரசர் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் தூண்டியதால், 1816 ஆகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளை விடுவிக்க உடைமையாளர் பலர் இசைந்தனர். 1818ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அடிமைகள் யாவரையும் பதிவு செய்யுமாறு பணித்தது. 1821ஆம் ஆண்டு விதி, யாழ்ப்பாணம், திருக்கோணமலை முதலிய தமிழ் மாவட்டங்களில் அடிமைகளுக்குப் புதிதாகப் பிறக்கும் பெண் மக்களை அரசாங்கமே விலை கொடுத்து விடுவிக்க வழிசெய்தது.

பெண் மக்களை மட்டும் விடுவித்தது ஏன்? அவர்கள் உரிமை பெறின், அவர்கள் வயிற்றிற் பிறப்போரும் உரிமை பெறுவர். தளை ஒரு தலைமுறையில் தானே தேய்ந்தறும். தளையை வளர்த்த விதியைக் கொண்டே தளையை அறுக்கும் சூழ்ச்சி இது. செலவு குறைந்தது, உடைமையாளரின் எதிர்ப்பையும் தணிக்க வல்லது. ஆனால், அதன் சுமையைத் தாங்கியவர் யார்? விடுதலை பெற்ற மகளை ஈன்ற தாய் அடிமையாகவே இருந்தாள். அவளுடைய மகனும் அவ்வாறே. விலைப்பணம் உடைமையாளனைச் சேர்ந்தது. உழைத்தவளுக்கு ஒன்றும் கிட்டவில்லை.

1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய ஒழிப்புச் சட்டம் உடைமையாளருக்கு 2 கோடி பவுண் ஈடு வகுத்தது. அச்சட்டத்தினின்றும் இலங்கை விலக்கப்பட்டது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே எஞ்சியோரையும் விடுவித்தது. அமெரிக்காவில் இந்நிலை 1865இல் எய்தப்பட்டது.

எனினும், பிறப்பால் மனிதரை அளக்கும் வழக்கம் ஏட்டோடு அழியவில்லை. இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலும், அமெரிக்காவில் குடிசார் உரிமைகள் சட்டம் 1964இலும் வேண்டியனவாயின. உழைப்பை விடுவித்தல் சட்டத்தால் இயலும். பிறப்பின்மேல் ஏற்றிய இழிவைக் களைதல் அவ்வச் சமுதாயத்தின் கடனாகும்.