கடைசிப் படகு போன பிறகு

2023 ஏப்ரல் 22ஆம் திகதி காலை, நெடுந்தீவு மாவிலித்துறைக்குக் கிட்ட உள்ள ஒரு வீட்டில் ஐந்து முதியவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். படுகாயப்பட்ட நூறு வயது மூதாட்டியும் பின்னர் இறந்துபோனார். கொல்லப்பட்டவர்களில் வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். 51 வயதுச் சந்தேகநபர் புங்குடுதீவில் கைதானார். களவுபோன நகைகள் மீட்கப்பட்டதாகப் பொலிஸார் சொன்னார்கள். அந்த வீடு காட்டுக்குள் இருந்ததல்ல. இறங்குதுறைப் பக்கம், கடற்படை முகாமும் தூரமில்லை.

அன்றிலிருந்து ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கும் யாழ்ப்பாணத் தீவகத்துப் பிள்ளைகளுக்கு ஒரே கேள்விதான்: “அம்மாவைத் தனிய விட்டுவைக்கலாமோ?” நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குத்தான் நம்மிடம் சரியான அளவுகோல் இல்லை.

பொலிஸ் புள்ளிவிபரம் இங்கே அதிகம் உதவாது. நெடுந்தீவில் வாழ்பவர்கள் நாலாயிரம் பேர் அளவில். அந்த ஆறு உயிர்களை லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்குப் பார்த்தால் 150 வரும். முழு இலங்கைக்கும் அது ஆண்டுக்கு இரண்டு, மூன்று என்ற அளவில்தான் நிற்கிறது. இந்தக் கணக்கை நம்பினால், 2023இல் நெடுந்தீவு உலகின் மிகக் கொடிய இடங்களில் ஒன்று. கொலை நடக்காத ஆண்டில் அதே தீவு உலகிலேயே பாதுகாப்பான இடம். இரண்டுமே பொய். சனம் குறைந்த ஊரில் நடந்த குற்றங்களை எண்ணுவதைவிட, குற்றம் நடக்க எது இடம் கொடுக்கிறது என்று பார்ப்பதே பயன்.

இடம் கொடுப்பது ஆளில்லாமைதான். 1990, 91இல் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது கிளம்பிய சனத்தில் பெரும்பகுதி திரும்பி வரவேயில்லை. புங்குடுதீவில் பின்னேரம் ஆறரை மணிக்கு ஒரு ஒழுங்கைக்குள் இறங்கி நடந்து பாருங்கள். கறள் பிடித்த படலை, கூரை விழுந்த கல்வீடு, முற்றத்தையே மூடிய பற்றை. அடுத்த காணியும் அப்படியே. அதற்கும் அடுத்ததில் ஒரு மின்குமிழ் எரியும். உள்ளே ஒரு அம்மம்மா, நாய் ஒன்று, வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசி. அவர் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு சீவன் கிடையாது. பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள், கோடையில் நகையோடு வருகிறார்கள் என்பது மட்டும் ஊர் முழுக்கத் தெரியும்.

2015 மே 13இல் பள்ளிக்குப் போன புங்குடுதீவு மாணவி வீடு திரும்பவில்லை. மறுநாள் ஆளில்லாத, பற்றை மண்டிய பகுதியில் உடல் கிடைத்தது. பிள்ளையைக் காணவில்லை என்று சொன்ன உடனேயே பொலிஸார் தேடவில்லை என்ற குற்றச்சாட்டு யாழ்ப்பாணத்தையே கொதிக்க வைத்தது. மே 20இல் யாழ். நீதிமன்ற வளாகம் வரை அந்தக் கோபம் போய்க் கல்லாக விழுந்தது. ஊர்ச்சனம் பிடித்துக் கொடுத்த முக்கிய சந்தேகநபர் ஒருவர் கொழும்புக்குத் தப்பிப்போனார். அதற்கு உதவினார் என்ற சந்தேகத்தில் 2017இல் கைதானவர் ஒரு மூத்த பொலிஸ் அதிகாரி! அதே ஆண்டு செப்டம்பர் 27இல் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. நீதி கிடைத்தது உண்மை. ஆனால் முதல் இரவில் தேடியிருக்க வேண்டும். சனத்துக்குப் பொலிஸில் நம்பிக்கை இல்லாத ஊரில் முறைப்பாடே குறைந்துவிடும். பதிவேட்டில் குற்றம் குறைந்ததாகத் தெரியும். அந்த அமைதியை நம்பக்கூடாது.

எல்லாத் தீவையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதும் பிழை. நயினாதீவில் ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழா வந்துவிட்டால் குறிகாட்டுவான் துறையில் கால் வைக்க இடமிருக்காது. அங்கே பயம் கொலைகாரனைப் பற்றியல்ல. அளவுக்கு மிஞ்சி ஏற்றும் படகையும், கூட்டத்தில் சங்கிலி அறுப்பவனையும் பற்றியது. ஊர்காவற்றுறைக் கரையிலும் நெடுந்தீவைச் சுற்றியும் கேரளக் கஞ்சா பாக்குநீரிணையைக் கடந்து வருகிறது. கடற்படை பிடித்ததாகச் செய்தி வருகிறது. கைக்காசுக்காக அதில் இழுபடும் பெடியளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நெடுந்தீவின் பெரிய ஆபத்து நேரம். கடைசிப் படகு போன பிறகு, பெருநிலத்திலிருந்து எந்த உதவி வருவதென்றாலும் ஒரு மணித்தியாலம் போலக் கடல் கடந்தே வரவேண்டும். 119ஐ அழுத்தினால் பதில் வரலாம். ஆள் எப்போது வருவார் என்பதைக் காற்றும் கடலும் சேர்ந்தே தீர்மானிக்கும். கடற்படை பக்கத்தில் இருக்கிறதே என்பார்கள். 1985 மே 15இல் குமுதினிப் படகில் கடற்படையினர் செய்ததாகச் சொல்லப்படும் படுகொலையை மறக்காத சனம் அது. இரவில் ஆபத்தென்றால் அந்த முகாமின் கதவைத் தட்டுவதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஜப்பானில் சிறு தீவுகளிலும் கிராமங்களிலும் பொலிஸ்காரர் நிலையத்தோடு ஒட்டிய வீட்டிலேயே குடும்பத்தோடு வசிப்பார். வீடு வீடாகப் போய் யார் தனிய இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது அவருடைய கடமைகளில் ஒன்று. தமிழ் பேசத் தெரிந்த, அதிலும் ஒரு பெண் அதிகாரியாவது அப்படி ஒவ்வொரு தீவிலும் இருந்தால், ஒரு முறைப்பாட்டுக்காக வயதான பெண் துணை தேடி அலையவேண்டி வராது. பிரித்தானியாவில் 1982இலிருந்து, பொலிஸ் பதிவை மட்டும் நம்பாமல் சனத்திடமே நேரே போய் ‘உங்களுக்கு என்ன நடந்தது’ என்று கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். தீவகத்தில் அதைச் செய்வதற்குப் பெரிய காசு வேண்டாம். கிராம அலுவலருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். யார் தனிய, எந்தக் காணி பற்றை, எந்த ஒழுங்கையில் வெளிச்சமில்லை, எந்தத் துறையில் இரவில் படகு இருக்கும் என்ற நாலு கேள்விக்குப் பதில் எழுதினாலே ஆபத்து எங்கே இருக்கிறது என்ற வரைபடம் கையில் வந்துவிடும். அந்தப் பட்டியல் கண்டவர் கைக்கும் போகாமல் பிரதேச செயலகத்திலேயே பூட்டி வைக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கள்ளனுக்கும் அதே பட்டியல்தான் தேவை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, உங்கள் காணிப் பற்றையை ஆண்டுக்கு ஒருமுறையாவது வெட்டுவியுங்கள். தாய் தகப்பன் வீட்டில் நகையை விட்டுவிட்டுப் போகாதீர்கள், வங்கியில் வையுங்கள். பக்கத்து வீட்டில் ஆள் இருந்தால் அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தை இன்றே வாங்குங்கள். பிரதேச செயலாளர்களே, அந்த நாலு கேள்விகளோடு வீடு வீடாகப் போக ஆட்களை அனுப்புங்கள். மாரி தொடங்கிக் கடல் கொந்தளிக்க முன்னர் அந்த வேலை முடியவேண்டும்.